கப்பல் தேதி தவறாத ஊரில் ‘கோ-லைவ்’ தேதி ஏன் தவறுகிறது?

திருப்பூரின் அவிநாசி சாலையிலோ பல்லடம் சாலையிலோ ஏதாவது ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குள் போய்ப் பாருங்கள். ஆர்டரைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரின் கணினியில் ஒரு எக்ஸெல் தாள் எந்நேரமும் திறந்தே இருக்கும். ‘டி அண்ட் ஏ’ என்பார்கள். டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர். அதன் கடைசி வரியில் சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதி இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்றைக்கு, லைனில் ஏற்றுவது என்றைக்கு, கட்டிங் என்றைக்கு, சாயம் போட்ட துணி என்றைக்குள் வர வேண்டும், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிளுக்கும் சாய நிறம் பார்க்கும் லேப் டிப்புக்கும் பையர் எப்போது ஓகே சொன்னால் இதெல்லாம் நடக்கும் என்று. தேதி தப்பினால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவு நம் தலையில். ‘இந்த ஆர்டர் ஏர்ல போச்சு’ என்று ஒரு முதலாளி சொன்னால், லாபமும் கூடவே பறந்துவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1957-ல் ஆலைப் பணிகளைத் திட்டமிடுவதற்காக ‘கிரிட்டிகல் பாத்’ என்ற முறையை உருவாக்கியது. நிர்வாகவியல் வகுப்பில் அதற்குத் தனிப் பாடமே உண்டு. திருப்பூரில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவரும் அந்தக் கணக்கைத்தான் தினமும் போடுகிறார்.

அதே கட்டடத்தில் இன்னொரு முறையும் ஓடுகிறது. காலையில் லைன் சூப்பர்வைசர், கட்டிங் மாஸ்டர், ஸ்டோர்காரர், மெர்ச்சண்டைசர் எல்லோரும் நின்றபடியே பத்து நிமிடம் பேசுவார்கள். எந்த லாட் வரவில்லை, எந்த லைனுக்கு ஆள் குறைவு, எந்த ஸ்டைலை முன்னால் தள்ளுவது என்று பேசி, நேற்று போட்ட திட்டத்தை இன்று கலைத்து அடுக்குவார்கள். மென்பொருள் உலகம் இதற்கு ‘அஜைல்’ என்று பெயர் வைத்திருக்கிறது.

கடைசித் தேதியைக் கல்லில் செதுக்குவது ஒரு முறை. நடுவில் தினம் தினம் வளைந்து கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து, ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்கிறது திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இது. ஆனால் கொள்முதல், கையிருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளை வாங்கி வைக்கும்போது மட்டும், தனக்குக் கைவந்த இந்தக் கலவையை இந்த ஊர் மறந்துவிடுகிறது.

அரை நிமிட போன் கால்

சிக்கல் எங்கே என்று பார்க்க ஒரு போன் பேச்சு போதும். மெர்ச்சண்டைசர் சாயப்பட்டறைக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“அண்ணா, அந்த நேவி ப்ளூ 400 கிலோ எப்பங்க வரும்?”

“300 கிலோ நேரா காம்பாக்டிங்குக்கே ஏத்தி உட்டுட்டேனுங்க தம்பி. மீதி 100 ஷேடு மாறிப்போச்சு, மறுபடி போட்டிருக்கு. டி.சி.ய சாயங்காலம் பையன்கிட்டக் குடுத்து உடறேனுங்க.”

பேச்சு முடிந்தது. இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. கணினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. 300 கிலோ துணி நம் ஸ்டோருக்கு வரவே இல்லை. கூலிக்குச் சாயம் போடும் ஒரு ஜாப் வொர்க்கரிடமிருந்து, துணி சுருங்காதபடி காம்பாக்டிங் செய்து தரும் இன்னொரு ஜாப் வொர்க்கரிடம் நேராகப் போய்விட்டது. மென்பொருளோ, ஸ்டோரில் வரவு வைக்காமல் பற்று எழுத விடாது. ஒரே லாட் இப்போது இரண்டாக உடைந்திருக்கிறது. அதற்கு யார் புது எண் போடுவது? போன சரக்கின் எடை சாயம் போடாத கிரே துணியின் எடையா, சாயம் போட்டபின் குறைந்த எடையா? இதற்கெல்லாம் சாட்சியான டெலிவரி சலான், அதாவது டி.சி., சாயங்காலம்தான் வரும். அதற்குள் துணி காம்பாக்டிங் முடிந்து கட்டிங் மேசைக்கே வந்தாலும் வந்துவிடும்.

அடுத்த கண்டம் கட்டிங் மேசையில். அதுவரை கிலோவில் ஓடிய கணக்கு அங்கே பீஸாக மாறுகிறது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் என்று போட்டால் 300 கிலோவுக்கு 1,500 பீஸ் வர வேண்டும். சதுர மீட்டருக்கு 180 கிராம், அதாவது 180 ஜி.எஸ்.எம். கேட்ட இடத்தில் துணி 190-ஆக வந்திருந்தால், அதே எடையில் 80 பீஸ் போலக் குறையும். நிட்டிங்கில் சேதாரம், சாயத்தில் சேதாரம், கட்டிங்கில் வேஸ்ட் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. அது துணிக்குத் துணி, நிறத்துக்கு நிறம் மாறும். கட்டிங் மாஸ்டருக்கு இது மனப்பாடம். எந்த ஆவணத்திலும் இல்லை.

இவற்றோடு கைமாத்தும் உண்டு. பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரண்டு மூட்டை நூல் வாங்கி, அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பார்கள். சில நேரம் வேறு பருமனில், அதாவது வேறு கவுன்ட்டில் கொடுப்பார்கள். தொழிலாளியாக வந்து முதலாளியானவர்களும் உறவும் பழக்கமும் சேர்ந்து பின்னிய ஊர் இது. ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் ‘ஃபிரேட்டர்னல் கேபிடல்’ என்று ஒரு நூலே இதைப் பற்றி எழுதினார். அந்தப் பழக்கத்துக்கு எந்த மென்பொருளிலும் பட்டன் கிடையாது.

இரண்டு விதமாகக் கெடுகிறது

இப்படிப்பட்ட ஊருக்குள் ஈ.ஆர்.பி. நுழையும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது.

முதலாவது, ‘ஏப்ரல் 1-லிருந்து எல்லாமே கம்ப்யூட்டர்’ என்று முதலாளி அறிவிப்பது. விற்பனைக்கு வந்தவர் அழகாக ஒரு அட்டவணை காட்டியிருப்பார்: தேவைகளைக் கேட்டு எழுத ஒரு மாதம், வடிவமைக்க இரண்டு மாதம், சோதிக்க ஒரு மாதம், பயிற்சி, அப்புறம் கோ-லைவ், அதாவது மென்பொருள் நடப்புக்கு வரும் நாள். அந்த முதல் மாதத்தில் தேவைகளைச் சொல்ல உட்கார்ந்தவர் யார்? கணக்குப் பிரிவின் மேலாளரும் முதலாளியின் மகனும். டி.சி. புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் ஸ்டோர்காரரை யாரும் கூப்பிடவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் வண்டி கேட்டில் நிற்கும், மென்பொருள் டி.சி. தராது. ‘இப்போதைக்குக் கையில எழுதி அனுப்பு, அப்புறம் ஏத்திக்கலாம்’ என்று ஒரு குரல் வரும். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. மே மாதம் பழைய டேலியும் எக்ஸெல்லும் பழைய நோட்டுமே ஆட்சிக்கு வந்துவிடும்.

இரண்டாவது நேர் எதிர். ‘உங்க வசதிக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்றோமுங்க’ என்று ஆரம்பிப்பது. இந்தத் திரையில் ஒரு கட்டம், அந்த அறிக்கையில் ஒரு பத்தி, இந்த பையருக்கு மட்டும் தனி பேக்கிங் லிஸ்ட் என்று மாற்றிக்கொண்டே போய், ஈராண்டு ஆனபின் யாருக்கும் முழுதாகப் புரியாத ஒரு மென்பொருள் நிற்கும். அதை எழுதிய பையன் அதற்குள் கோவைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போயிருப்பார்.

திருப்பூருக்கு விவரம் போதாது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்திலேயே பெரிய கைகள் இந்த இரண்டு நெருப்பிலும் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் நான்கு ஆண்டு எடுக்க வேண்டிய வேலையை இரண்டரை ஆண்டுக்குள் நெருக்கி, 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒரே அடியாக இயக்கியது. ஹாலோவீன் மிட்டாய் ஆர்டர்கள் குவியும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தது, அனுப்ப முடியவில்லை. 10 கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்கள் நின்றுபோயின. ஜெர்மனியின் லிடில் சங்கிலிக் கடைகள் இரண்டாவது வழியில் போயின. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லிடிலின் பழக்கம், வாங்கிய எஸ்.ஏ.பி. மென்பொருளின் வழக்கம் விற்பனை விலை. பழக்கத்தை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்றுங்கள் என்றது லிடில். 2011-ல் தொடங்கிய வேலையை, சுமார் 50 கோடி யூரோ செலவானபின் 2018-ல் கைவிட்டார்கள். திருப்பூரில் டி-ஷர்ட் வாங்கும் கடைகளில் லிடிலும் ஒன்று என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அறுந்தால் நிற்கும் தறி

படிப்படியாக, ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போகும் முறையை ‘வாட்டர்ஃபால்’ என்பார்கள். அதற்கு மூலம் என்று காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தைப் போட்ட ராய்ஸே, இப்படி நேர்க்கோட்டில் போனால் ஆபத்து என்று அடுத்தாற்போலவே எச்சரித்தார். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனம் எழுதினார்கள். சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து, பயனாளியிடம் காட்டி, திருத்திக்கொண்டே போ என்பது அதன் சாரம். 2003-லேயே பேரி போம், ரிச்சர்ட் டர்னர் இருவரும் இந்த இரண்டு கட்சிச் சண்டை வீண், வேலையின் தன்மை பார்த்துக் கலந்துகொள்ளுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதிவிட்டார்கள். எஸ்.ஏ.பி. நிறுவனமே 2015-லிருந்து ‘ஆக்டிவேட்’ என்ற கலப்பு முறையைத்தான் சொல்கிறது. வெளியே கட்டங்களும் தேதிகளும் உறுதியாக இருக்கும். உள்ளே வேலை சிறு சுற்றுகளாக நடக்கும்.

இந்தக் கலப்பில் மூன்றாவதாகச் சேரும், தேவைப்படும்போது தேவையான அளவு வேலையை மட்டும் எடுத்துச் செய்யும் ‘கான்பான்’ முறையின் பிறப்பிடம் டொயோட்டா. அந்தக் கார் நிறுவனமே ஒரு தறித் தொழிற்சாலையிலிருந்து கிளைத்தது. சகிச்சி டொயோடா 1924-ல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம் நிட்டிங் மெஷினும் நூல் அறுந்தால் விளக்கெரிய நிற்கிறது. பிழை தெரிந்த இடத்தில் நிறுத்து, அங்கேயே சரிசெய், அப்புறம் ஓட்டு. ஈ.ஆர்.பி. வேலையில் மட்டும் நூல் அறுந்து ஆறு மாதம் துணி ஓடியபிறகுதான் பார்க்கிறோம்.

கலப்பு என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவுவது என்று நினைத்துவிடக் கூடாது. எது அசையக் கூடாது, எது அசைந்தே தீரும் என்று முதலில் கோடு போட வேண்டும்.

அசையக் கூடாததைச் சட்டமே தீர்மானித்து வைத்திருக்கிறது. ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட்டிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். அதைக் காட்டுவதற்குத்தான் ஐ.டி.சி.-04 படிவம். சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2023-24-லிருந்து நடப்பில் உள்ளது. இந்த ஊரில் பாதிக் கம்பெனிக்குப் பாதிக் கம்பெனி கடன்காரர் என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை. கணக்கு, ஜி.எஸ்.டி., கொள்முதல், பொருள் பட்டியல் ஆகிய இவற்றில் சோதனை செய்து விளையாட இடமில்லை. இவற்றுக்கு டி அண்ட் ஏ போலவே ஒரு தாள் போட்டு, பின்னோக்கி எண்ணி, வரிசையாக முடிக்க வேண்டும். மென்பொருளில் உள்ள வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதும் நல்லது. லிடில் செய்ததைச் செய்ய வேண்டாம்.

பொருள் பட்டியல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் பாதி ஈ.ஆர்.பி. சாவது அங்கேதான். ஒரே 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூலை, கொள்முதலில் ஒரு பெயர், நிட்டிங் டி.சி.யில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்று எழுதியிருப்பார்கள். கணினிக்கு அவை மூன்று நூல்கள். ஒன்றில் கையிருப்பு மைனஸில் போகும், இன்னொன்றில் யாரும் பார்க்காத 800 கிலோ உட்கார்ந்திருக்கும். எந்த முறையைக் கடைப்பிடித்தாலும், இந்தப் பெயர்களை ஒருவர் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தாமல் கோ-லைவ் தேதியை வாயால் சொல்லக் கூடாது.

அசைந்தே தீரும் பகுதி நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள் யூனிட்டுகளுக்குப் போய்வரும் சரக்கு. இதை முதல் மாதத்திலேயே எழுதி முடிக்க நினைப்பது வீண். ஒரு பையர், ஒரு ஸ்டைல், ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை அதை மட்டும் மென்பொருளில் ஓட்டலாம். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா எப்படித் தவறாதோ, அப்படியே தவறாமல் வாரம் ஒருமுறை ஸ்டோர்காரர், மெர்ச்சண்டைசர், மென்பொருள் ஆள் மூவரும் உட்கார்ந்து, அந்த வாரம் எங்கே கணக்கு உடைந்தது என்று பார்க்க வேண்டும். அடுத்த ஆர்டருக்குள் திருத்தம் வந்துவிட வேண்டும். அந்த போன் காலில் வந்த 300 கிலோ எப்படிப் பதிவாக வேண்டும் என்பதற்கு எந்த ஆலோசகரின் கோப்பிலும் விடை இருக்காது. இரண்டு மூன்று ஆர்டர் ஓடியபின் அதற்கு ஒரு வழி தானாகப் பிறக்கும்.

நொய்யல் கற்றுக்கொடுத்தது

மென்பொருளுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், இந்தக் கலப்பு முறையில் திருப்பூர் ஒருமுறை உயிர் பிழைத்திருக்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் அதிகமான பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுச் சாயக் கழிவும் போகக் கூடாது என்பது இலக்கு. அதில் பேரமே இல்லை. ஆனால் அந்த இலக்கை எப்படி எட்டுவது என்பது அன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. எதிர் சவ்வூடு பரவலுக்குப் பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் தொங்கியது. அந்தக் கரைசலைச் சுத்தமாக்கி மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் வழியை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் சோதித்தார்கள். அங்கே நின்ற பிறகு மற்ற நிலையங்களுக்குப் போனது. இலக்கு அசையவில்லை, வழி அசைந்து அசைந்து அமைந்தது. அந்தக் கலப்புக்கு ஊர் அன்று கொடுத்த விலை பெரிது. அதையும் மறக்கக் கூடாது.

முழுக்க முன்திட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் என்று கணக்கிட்டு, தனியார் பங்களிப்போடு திருப்பூருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாட்டின் முன்னோடித் திட்டம் அது, கட்டுமானத்தில் குறையில்லை. ஆனால் பட்டறைகள் மூடியதும், திறந்தவை தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதும் தொழிற்சாலைத் தேவையைக் குறைத்துவிட்டன. போட்ட கணக்கு அடியோடு மாறிப்போனது.

யார் கையில்?

முறை எதுவானாலும் அதை நடத்துபவர் யார் என்பதே பெரிய கேள்வி. மும்பையை ஒட்டிய நெசவாலைகளில் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆலோசகர்களை அனுப்பிப் பழுதுகளைத் தினமும் குறித்துவைப்பது, கையிருப்பை ஒழுங்காக அடுக்கிப் பதிவது, தினசரிக் கூட்டம் நடத்துவது போன்ற சின்னப் பழக்கங்களைப் புகுத்தினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் இல்லாமலேயே கிடைத்த பலன் இது. எடை போட்டு உடனே எழுதும் பழக்கம் ஸ்டோரில் இல்லையென்றால் எந்த ஈ.ஆர்.பி.யும் பொய்யைத்தான் வேகமாகச் சொல்லும்.

ஆகவே திட்டத்தின் பொறுப்பாளராகக் கணினி படித்தவரைவிட, ஸ்டோரும் மெர்ச்சண்டைசிங்கும் தெரிந்த ஒருவரைப் போடுங்கள். அவருடைய அன்றாட வேலையில் பாதியைக் குறைத்துவிட்டுப் போடுங்கள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருப்பவர் தலையில் இதையும் ஏற்றிவிட்டு, ‘இன்னும் முடிக்கலையா’ என்று கேட்பது நியாயமில்லை.

ஒப்பந்தத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம். அசையாத பகுதிக்கு மொத்தத் தொகை பேசி, முடித்தால் பணம். அசையும் பகுதிக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கூலி. எல்லாவற்றையும் சேர்த்து அடிமாட்டு விலைக்கு முடித்துவிட்டு, பிறகு மாற்றங்களை இலவசமாகக் கேட்டால், மூன்றாவது மாதம் மென்பொருள்காரர் போன் எடுக்க மாட்டார்.

தேதியைப் பொறுத்தவரை, ஏப்ரல் 1 ஆடிட்டருக்கு வசதி, கம்பெனிக்கு அல்ல. கையிருப்பை நேரில் எண்ண மெஷின் நிற்க வேண்டும். திருப்பூரில் மெஷின்கள் ஊரோடு நிற்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஆள்கள் ஊருக்குப் போயிருக்கும் அந்த நாட்களில் ரோல் ரோலாக எடை போட்டு, ஜாப் வொர்க்கரிடம் கிடப்பதையும் கேட்டு எழுதி, தொடக்க இருப்பை ஏற்றி, லீவு முடிந்து வரும்போது தொடங்கினால் கணக்கு நிற்கும். புதியதோடு பழையதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டலாம். ஆனால் பழையதை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாளில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மட்டும் கப்பல் தேதியின் கண்டிப்பு தேவை.

இனியும் தள்ளிப்போட நேரமில்லை என்பதும் உண்மை. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, எந்த ஆர்டரில் எவ்வளவு தாங்கும் என்று அன்றைக்கே சொல்ல முடிந்த கம்பெனிகள் பேரம் பேசின. முடியாதவை மாதக் கணக்கு முடியும்வரை காத்திருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் நடப்புக்குக் கொண்டுவந்த சூழல் வடிவமைப்பு விதியில், பொருளுக்கான டிஜிட்டல் பாஸ்போர்ட் வருகிறது. ஜவுளி அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் நூல் எந்த லாட், சாயம் எந்தப் பட்டறை என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். சாயங்காலம் வரும் டி.சி.யை நம்பி அதைக் காட்ட முடியாது.

ஈ.ஆர்.பி. வாங்கப் போகிற முதலாளிகளுக்கு ஒரே ஒரு யோசனை. விற்க வருபவர் காட்டும் வண்ண வண்ணப் படங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ‘சாயப்பட்டறையிலிருந்து 300 கிலோ நேராகக் காம்பாக்டிங்குக்குப் போய்விட்டது, மீதி 100 கிலோ மறுசாயத்தில் இருக்கிறது, டி.சி. இன்னும் கையில் வரவில்லை. இதை இப்போது என் ஸ்டோர்காரர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ஸ்டோர்காரர் தலையாட்டினால் முன்பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.